டெல்டா கடலில் மூழ்கிய கப்பலும் பாரும்: சனி, ஞாயிறு முக்குளிப்புக்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

பிப்ரவரி 4, காலை – கும்பகோணம் வாசகர்

எங்கள் டைவிங் கிளப்பில் எட்டுப் பேர். நான்கு பேர் அட்வான்ஸ்டு சான்று பெற்றவர்கள், நான்கு பேர் தொடக்கநிலையான ஓபன் வாட்டர் சான்று மட்டும். எல்லாரும் புதுச்சேரியிலும் அந்தமானிலும் இறங்கியவர்கள். மார்ச்சில் ஒரு சனி, ஞாயிறு தரங்கம்பாடியில் தங்கி, பூம்புகார் கப்பல், டேனிஷ் கப்பல்கள், பக்கத்துப் பார்கள் (கடலடிப் பாறைத் தட்டுகள்) எல்லாம் பார்க்கலாம் என்று பேச்சு. கப்பல் முழுசாக நிற்குமா? எங்கே இறங்கலாம்? சிலிண்டர் உள்ளூரில் நிரப்ப முடியுமா?

பிப்ரவரி 4, மதியம் – பார்க்கடல்

முழுசாக நிற்கும் கப்பல் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நம் கரையில் பழைய கப்பல் எல்லாம் மரக்கப்பல். வெதுவெதுப்பான கடலில், மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைக் கப்பல் புழு துளைத்துத் தின்றுவிடும். மணலுக்குள் புதைந்த அடிப்பகுதி மட்டும்தான் தப்பும். மேலே கிடப்பது பீரங்கி, நங்கூரம், பாரக்கல், ஈயக்கட்டி. இரும்பைச் சுற்றி மணலும் சிப்பியும் சுண்ணாம்பாகப் பிடித்துக் கெட்டியாகிவிடும். பீரங்கி பக்கத்திலேயே நின்றாலும் பாறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம்.

பூம்புகார்க் கப்பலும் அந்த வகைதான். 1991 வாக்கில் தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தெரியவந்தது. அங்கே கிடைத்த ஈயக்கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. அந்தக் கடலில் கடல் தொல்லியலாளர் எஸ். ஆர். ராவ் தலைமையில் நடந்த தேடலில்தான் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவக் கட்டுமானமும் கண்ணில் பட்டது. இரண்டுமே ஆய்வுக்கு உரிய இடங்கள். தொல்லியல் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே இறங்கும் திட்டமே வேண்டாம். பூம்புகாரில் அந்தத் துறையின் கடல்சார் அகழ்வைப்பகம் இருக்கிறது, ஞாயிறு மாலை அங்கே போங்கள்.

பிப்ரவரி 4, இரவு – பார்க்கடல்

டேனிஷ் கப்பல் பற்றி விட்டுப்போனது. 1619இல் ஓரெசுண்ட் என்ற டேனிஷ் கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்காலுக்கு எதிரே தாக்கி மூழ்கடித்தார்கள். அதன் தலைவன் ரோலண்ட் கிராப்பே சில ஆட்களுடன் தப்பித் தஞ்சை நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தான். அதற்கு அடுத்த ஆண்டு, 1620இல்தான் தரங்கம்பாடியில் டேனியரின் டேன்ஸ்போர்க் கோட்டை. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை தரங்கம்பாடியில் கப்பல் ஒதுங்கப் பாதுகாப்பான துறை கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, சரக்கைச் சிறு படகில் கரை சேர்ப்பார்கள். வடகிழக்குப் பருவம் சீறினால் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டியதுதான். அதனால் இந்தக் கரைக்கு எதிரே கப்பலைவிடத் தனி நங்கூரம் கிடக்கவே வாய்ப்பு அதிகம்.

வடக்கே இன்னொரு கதை. 1749 ஏப்ரல் புயலில் ஆங்கிலக் கடற்படையின் நேமூர் என்ற கப்பல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கமும், பெம்ப்ரோக் என்ற கப்பல் பரங்கிப்பேட்டைப் பக்கமும் உடைந்தன. நேமூரில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். படித்துவிட்டு வாருங்கள், தேடிப் போக வேண்டாம்.

பிப்ரவரி 5 – கும்பகோணம் வாசகர்

அப்படியென்றால் எங்களுக்கு என்னதான் மிச்சம், அண்ணே?

பிப்ரவரி 5 – பார்க்கடல்

நிறையவே மிச்சம் தம்பி. மூன்று வகை இடம்.

ஒன்று, பார். இங்கே பவளத்திட்டு என்று சொல்லும்படி எதுவும் வளரவில்லை, ஆறு கொண்டுவரும் வண்டல் விடாது. அதற்கு மன்னார் வளைகுடா, மண்டபம் பக்கம் போக வேண்டும். நம் பார் என்பது மணலுக்கு நடுவே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் எழும்பும் பாறைத் தட்டு. அதில் கடல் விசிறி, பஞ்சுயிரி, கொஞ்சம் கடினப் பவளம். கலவா, செப்பிலி, விளமீன், இடுக்கில் சிங்கி இறால். பார் மேலேயே பாரைக் கூட்டம் சுற்றும்.

இரண்டு, செயற்கைப் பார். மீன்வளத் துறையும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தமிழகக் கடலில் சிமென்ட் முக்கோணம், உறை வளையம், குழாய் அடுக்கு என்று இறக்கியிருக்கிறார்கள். அது அந்தந்த ஊர்க்காரர் தூண்டில் போட்டுப் பிழைக்கும் இடம். ஊரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மூன்று, நம் காலத்தில் மூழ்கிய விசைப்படகுகள். புயலிலும் மோதலிலும் போனவை. இவைதான் உங்களுக்கு ஏற்ற கப்பல்.

இந்த மூன்றையும் வரைபடத்தில் தேட வேண்டாம். வலை மாட்டும் இடம் எது என்று கேளுங்கள். எத்தனை பாகம் ஆழத்தில் வலை கிழிந்தது, எந்தக் கரை அடையாளத்துக்கு நேரே என்று விசைப்படகு ஓட்டும் ஸ்ராங்கும் ஃபைபர் படகுக்காரரும் மனதிலும் ஜிபிஎஸ்ஸிலும் வைத்திருப்பார்கள். பத்துப் பாகம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். ஆனால் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற அதே வலை கீழே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். டெல்டாவில் மூழ்கிய படகில் இறங்குவது என்றால் அறுந்த வலைக்குள் இறங்குவது என்றே எடுத்துக்கொண்டு தயாராகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பிப்ரவரி 6 – பார்க்கடல்

வலைக்கான தயாரிப்பு. மெல்லிய நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் மினுங்கும். ஆளுக்கு இரண்டு வெட்டும் கருவி: ஒன்று வாய் மூடிய கொக்கிக் கத்தி, இன்னொன்று மருத்துவமனைக் கட்டுக் கத்தரி. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று எட்டும்படி மார்பிலும் இடுப்பிலும் கட்ட வேண்டும். காலில் கட்டிய கத்தி, கால் வலையில் மாட்டினால் எட்டாது. பெரிய டைவிங் கத்தி டிரால் கயிற்றை அறுக்கும், தங்கூசிக்கு வழுக்கும்.

மாட்டுகிற இடங்கள் தெரிந்தவைதான்: சிலிண்டர் வால்வு, ஃபின் பட்டைக் கொக்கி, தொங்கும் பிரஷர் கேஜ். ஃபின் கொக்கிமேல் டேப் சுற்றுங்கள், ஹோஸ் எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிச் செருகுங்கள். மாட்டியது தெரிந்தவுடன் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கச் சுழன்றால் இன்னும் இரண்டு சுற்று விழும். மூச்சைச் சீராக்கிவிட்டு, வந்த வழியே அரையடி பின்னால் நகர்ந்தால் பாதி நேரம் தானாகக் கழன்றுவிடும். கழலாவிட்டால் ஜோடி ஆள் பின்னாலிருந்து வெட்டட்டும். வலையை இழுத்து வேடிக்கை பார்க்காதீர்கள், மேலே மடிந்து கிடக்கும் பகுதி தலையில் சரியும். அதை அகற்றும் வேலை தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு. பிசிடியில் (நாம் போட்டிருக்கும் மிதவை ஜாக்கெட்டில்) காற்றடித்துத் தூக்கப் பார்ப்பது உயிர்போகும் காரியம்.

மூழ்கிய படகின் உள்ளே யாரும் நுழையக் கூடாது. வீல்ஹவுஸ் மரம் உளுத்துக் கூரை தொங்கும், டீசல் டேங்கில் மிச்சம் இருக்கும், ஒரு துடுப்படியில் வண்டல் கிளம்பினால் வாசல் தெரியாது.

பிப்ரவரி 7 – சிலிண்டர்காரர்

சிலிண்டர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தரங்கம்பாடியிலோ நாகையிலோ நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். புதுச்சேரியிலிருந்து நிரப்பியே கொண்டுவர வேண்டும். எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு டைவ், 32. மிச்சத்துக்கு இரண்டு, 34. நிரப்பிய அலுமினிய 80 (11 லிட்டர் வகை) ஒன்று சுமார் 17 கிலோ, ஆக 580 கிலோ. ஒரு குட்டியானை வண்டி தாங்கும். படுக்க வைத்து, வால்வு பக்கம் மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டு இடத்தில் கயிறு. மேலே தார்ப்பாய், வெயில் நேராகப் படக் கூடாது.

சூட்டில் நிரப்பிய 200 பார் அழுத்தத்தை நம்பாதீர்கள். நிரப்பி முடித்தவுடன் சிலிண்டர் 55 டிகிரிக்கு மேல் இருக்கும். 27 டிகிரி தண்ணீரில் இறங்கியதும் 182, 183க்கு வந்துவிடும். தொட்டால் சூடு இல்லாத நிலையில் கேஜ் போட்டுப் பாருங்கள்.

சின்ன கம்ப்ரஸர் வாடகைக்குக் கொண்டுவரலாம் என்றால்: நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளுகிற மெஷினில் ஒரு சிலிண்டருக்கு 22 நிமிடம். ஒரு நாளைக்கான பதினாறு நிரப்ப ஆறு மணி நேரம், அதுவும் நிறுத்தாமல். பெட்ரோல் இன்ஜின் வகையானால் காற்று உறிஞ்சும் குழாயை இன்ஜின் புகைக்கு மேல்காற்றில், உயரத்தில் கட்ட வேண்டும். இரவில் நிலக்காற்று, பகலில் கடல்காற்று, திசை மாறும்போது குழாயை மாற்றாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். மேலே லேசான தலைவலியாகத் தெரிவது 20 மீட்டரில் மயக்கமாகும்.

பிப்ரவரி 7, இரவு – பார்க்கடல்

சிலிண்டர்காரர் சொன்ன சூட்டுக் கணக்கோடு சேர்த்து, 20 மீட்டரில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம். குளிர்ந்த பின் 200 இருந்தால் 11 லிட்டர் சிலிண்டரில் 2,200 லிட்டர். சாதாரண மூச்சு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் 20 மீட்டரில் மூன்று மடங்கு, 60.

இப்போது ஜோடிக்குக் காற்று நின்றுபோனால் இருவரும் ஒரே சிலிண்டரில் ஏற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30, இருவருக்கு 60. கீழே ஒரு நிமிடம் 180 லிட்டர். ஏற மூன்று நிமிடம், சராசரி 10 மீட்டரில், 360. ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம் 270. மொத்தம் 810 லிட்டர், 74 பார். எண்பது என்று வையுங்கள். கேஜ் 80 காட்டும்போது நீங்கள் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். 50 பாரில் மேலே வந்தால் போதும் என்று புதுச்சேரியில் பழகியிருப்பீர்கள், அந்தக் கணக்கு இந்த ஆழத்துக்கும் கலங்கிய தண்ணீருக்கும் போதாது.

மிச்சம் 120 பார், 1,320 லிட்டர், 22 நிமிடம். உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு நேர எல்லை சொல்லும் டைவ் டேபிள், இந்த ஆழத்தில் 45 நிமிடம் கொடுக்கும். ஆக நைட்ரஜன் அல்ல, காற்றுதான் முதலில் தீரும். 183இல் ஆரம்பித்தால் இன்னும் மூன்று நிமிடம் குறையும்.

பிப்ரவரி 8 – பார்க்கடல்

மேலே சொன்ன 22 நிமிடத்தோடு தேடலைப் பொருத்திப் பாருங்கள். தெளிவு மூன்று மீட்டர் என்றால் கயிறு பிடித்து வட்டமடிப்பதுதான் வழி. 4, 8, 12 மீட்டர் ஆரத்தில் மூன்று வட்டம், சுற்றளவு 25, 50, 75, மொத்தம் 150 மீட்டர். நிமிடத்துக்கு 10 மீட்டர் நகர்ந்தால் 15 நிமிடம். இறங்க இரண்டு நிமிடம். கண்டுபிடித்தாலும் பார்க்க ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. அதனால் தேடும் வேலையைப் படகு செய்ய வேண்டும், ஆள் அல்ல.

ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் கூம்பு 20 டிகிரி என்றால் 20 மீட்டர் ஆழத்தில் அது தரையில் பார்க்கும் வட்டம் ஏழு மீட்டர்தான். ஆகவே ஆறு மீட்டர் இடைவெளியில் கோடு ஓட்டுங்கள். நூறுக்கு நூறு மீட்டர் கட்டத்தில் 17 கோடு, திருப்பங்களையும் சேர்த்தால் அரை மணி நேரம். தரை ஒரு மீட்டர் எழும்பி, அதன்மேல் கொத்தாக மீன் காட்டினால் அதுதான். தரையிலிருந்து ஐந்தாறு மீட்டருக்குச் சாய்வாக அசையாத கோடு நின்றால் அது தொங்கும் வலை. அந்தப் பக்கம் இறங்கு கயிறு போடாதீர்கள்.

இறங்கு கயிறு: 20 கிலோ எடை, 12 மில்லிமீட்டர் கயிறு, 20 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் நீளம், மேலே பளிச்சென்ற மிதவை. எடையை நீவாடு (கடல் நீரோட்டம்) போகும் பக்கமாக, பொருளைச் சற்றுத் தாண்டிப் போடுங்கள். அப்போதுதான் நீங்கள் கிளப்பும் வண்டல் பின்னால் போகும். படகை இந்தக் கயிற்றில் கட்டக் கூடாது, எடை இழுபட்டுவிடும்.

பிப்ரவரி 10 – காரை வாசகர்

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. தரங்கம்பாடி தமிழ்நாடு, தெற்கே சில கிலோமீட்டரில் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாட்டின் நாகை மாவட்டம். ஒரு பக்கத்தில் வாங்கிய அனுமதி மறுபக்கத்தில் செல்லாது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஆட்கள் பட்டியல், அடையாள அட்டை நகல், படகுப் பதிவு எண், இறங்கும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் எழுத்தில் முன்கூட்டியே கொடுங்கள். கோடியக்கரைப் பக்கம் போகும் ஆசை இருந்தால் விடுங்கள், இலங்கைக் கடல் எல்லைக் கோடு நெருக்கம்.

அதோடு ஊர்ப் பஞ்சாயத்து. நீலம் வெள்ளைக் கொடியோ, சிவப்பில் வெள்ளைக் கோட்டுக் கொடியோ கட்டினாலும் கீழே ஆள் இருக்கிறது என்று வலைக்காரருக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் பஞ்சாயத்தாரிடம் சொல்லி, இந்த இடம், இந்த நேரம், வலை விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

பிப்ரவரி 10, மாலை – பார்க்கடல்

காரை வாசகர் சொன்னது சரி. கூடவே பாக் விரிகுடாப் பக்கமும்: தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மனோரா கோட்டைக்கு எதிரே கடற்புல் வெளி அழகுதான். ஆழம் குறைவு, சேறு, பாதுகாப்பகம். இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

பிப்ரவரி 12 – கும்பகோணம் வாசகர்

மார்ச்சா, ஏப்ரலா? எந்த வாரம் நல்லது?

பிப்ரவரி 12 – பார்க்கடல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றுத் தண்ணீரும் வாடைக்காற்றும், அப்போது பேச்சே இல்லை. வாடை தணிந்து பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை தெளிவு கூடும். நீவாடு அந்த மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியைத் தவிர்த்து அட்டமி, நவமியை ஒட்டிய சனி, ஞாயிறாகப் பாருங்கள், தண்ணீர் தொய்ந்து அடிவண்டல் உட்காரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். டிரால் வலை அடியைக் கிளறாததால் தெளிவு கிடைக்கும், தலைக்கு மேல் பெரிய படகும் ஓடாது. ஆனால் மதியக் காற்று அப்போது பலமாக வரும். புதியவர்கள் பாதிப் பேர் இருப்பதால் எனக்கு மார்ச்சே சரி என்று படுகிறது.

எந்த மாதமானாலும் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் கரையில் இருக்க வேண்டும். அதிகாலை நிலக்காற்றில் கடல் எண்ணெய் போல் கிடக்கும், கடல்காற்று எழும்பியதும் படகில் ஏறுவதே சண்டை. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பில் ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் ரத்து.

பிப்ரவரி 13 – பார்க்கடல்

படகு. ஃபைபர் படகில் நான்கு முக்குளிப்பவர், எட்டு சிலிண்டர், ஓட்டுபவர், உதவிக்கு ஒருவர். அதற்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு இரண்டு படகு. மணல் கரையிலிருந்து அலை தாண்டிப் போகாமல் துறைமுகத்திலிருந்தே புறப்படுங்கள்.

பல படகுகளில் நீள்தண்டு இன்ஜின், நியூட்ரல் கிடையாது. ஓடினால் காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆள் மேலே வரும் நேரத்தில் இன்ஜின் முழுவதும் நிற்க வேண்டும், எண்ணிக்கை சரிபார்த்த பிறகே எடுக்க வேண்டும். எண்ணுவது ஓட்டுபவர் வேலை அல்ல. உதவியாள் ஸ்லேட்டில் பெயர் எழுதி, ஏற ஏற அடிக்கட்டும்.

ஏணி இருக்காது. கயிற்றேணி கொண்டுபோய் அடியில் ஐந்து கிலோ கட்டுங்கள், இல்லாவிட்டால் படகின் அடிக்குள் மடங்கிக்கொள்ளும். தண்ணீரிலேயே எடைப் பட்டை, பிறகு பிசிடியோடு சிலிண்டர், இரண்டையும் மேலே கொடுத்துவிட்டு ஃபின் போட்டபடி உதைத்து ஏறுங்கள்.

கயிற்றைத் தவறவிட்டவர் நீச்சலடித்துத் தேட வேண்டாம். ஐந்து மீட்டரில் நின்று படகுக்கு இடம் காட்டும் ஒன்றரை மீட்டர் நீள மிதவையைக் காற்றடைத்து மேலே விட்டு நீவாட்டோடு போகட்டும், படகு பின்தொடரும்.

பிப்ரவரி 15 – பார்க்கடல்

யோசித்துப் பார்த்ததில் சனிக்கிழமை முதல் டைவை மூழ்கிய படகில் வைப்பது சரியாகப் படவில்லை. 10, 12 மீட்டர்ப் பாரில் ஆரம்பியுங்கள். குளத்தில் இடுப்பு எடை சரிபார்த்தவர்களுக்குக் கடலில், ஆளும் கருவிகளும் சேர்ந்த மொத்த எடையில் இரண்டரை சதவீதம் கூட வேண்டும், 90 கிலோ என்றால் இரண்டே கால் கிலோ. அது பாரில் தெரிந்துவிடட்டும். ஓபன் வாட்டர் நால்வருக்கும் 18 மீட்டர்தான் எல்லை. அவர்கள் இரண்டு நாளும் பாரிலேயே இறங்கட்டும், அட்வான்ஸ்டு நால்வர் ஞாயிறு முதல் டைவில் படகைப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 16 – சிலிண்டர்காரர்

முதலுதவிப் பெட்டியில் ஆக்சிஜன். மருத்துவமனை பி டைப் சிலிண்டர் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 15 என்றால் 100 நிமிடம். பை வைத்த முகமூடியும் சேர்த்து வாங்குங்கள், சாதாரணக் குழாய் போதாது. ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர்: கெளுத்தி முள்ளோ, பாறை இடுக்கு விஷ முள்ளோ குத்தினால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். குத்தாத கையால் சூடு பாருங்கள். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் ஸ்லேட்டின் பின்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

ஞாயிறு முடித்துவிட்டு அப்படியே கொடைக்கானல் போகிறோம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து வையுங்கள். கடைசி டைவுக்கும் மலைக்கும் இடையே 18 மணி நேரம், விமானத்துக்கும் அதே.

பிப்ரவரி 18 – கும்பகோணம் வாசகர்

ஏதாவது பழைய பொருள் கண்ணில் பட்டால் எடுத்து அகழ்வைப்பகத்தில் கொடுக்கலாமா?

பிப்ரவரி 18 – பார்க்கடல்

எடுக்கவே கூடாது, கொடுப்பதற்காகவும். நூறு ஆண்டு கடந்தது எல்லாம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். சட்டத்தை விடுங்கள், கடலிலிருந்து எடுத்த இரும்பு காய்ந்தால் உள்ளே ஊறிய உப்பு படிகமாகி மாதக் கணக்கில் அடுக்கடுக்காக உதிரும். மரம் சுருங்கி வெடிக்கும். அது கிடக்கும் திசை, பக்கத்தில் கிடப்பது, மேலே மூடிய மணல், இவற்றை வைத்துத்தான் ஆய்வாளர் கப்பலைப் படிப்பார். ஒரு கட்டியைத் தூக்கினால் அந்தப் பக்கம் கிழிந்துவிடும். பவளத்துண்டு, கடல் விசிறி, கடல் அட்டை, இவையும் வன உயிரினச் சட்டத்தில் வருகிறவை. காய்ந்த துண்டு பையில் இருந்தாலும் குற்றம்.

செய்ய வேண்டியது: தொடாமல், அளவுகோல் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம். காம்பஸில் திசை, டைவ் கம்ப்யூட்டரில் ஆழம், நேரம். மேலே படகில் இருப்பவர் மிதவைக்கு நேரே ஜிபிஎஸ் குறிக்கட்டும். பாறையா, பீரங்கியா என்று சுரண்டிப் பார்க்க வேண்டாம். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து, இரண்டு மீட்டருக்கு நேர்கோடாக இருந்தால் படமே சொல்லிவிடும்.

ஜிபிஎஸ் எண்ணை இங்கேயும் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். ஈயத்துக்கும் பித்தளைக்கும் எடைக்கு விலை உண்டு. தொல்லியல் துறைக்கு எழுத்தில் ஒரு நகல், இடம் காட்டிய படகுக்காரருக்கு ஒரு நகல். வலை மாட்டும் இடம் சரியாக எது என்று தெரிந்தால் அவருக்கும் அடுத்த வலை மிச்சம்.